கடல் தாண்டி வந்த டீசல்

வளைகுடாவில் சண்டை மூண்டு எண்ணெய்க் கப்பல்கள் நின்றுபோனதும் வீரபாண்டியில் டீசல் கிடைக்கவில்லை. பொங்கலூரிலிருந்து பனியன் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிவரும் அப்துல் ரவூப்பின் வேன் வாசலோடு நின்றது. கம்பெனியையும் மூடிவிட்டார்கள்.

அவருடைய மகன் ஷாபாஸுக்கு அப்படியொரு கப்பலில்தான் இன்ஜின் ரூம் வேலை. ஜலசந்திக்கு அந்தப்பக்கம் நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்து ஒருநாள் பேசினான்.

“அத்தா, நாளைக்குத் தாண்டச் சொல்லிட்டாங்க. நாட்டுல இருப்பு தீரப்போகுதாம்.”

“மாட்டேன்னு சொல்லிப்போடு கண்ணு.”

“நடுக்கடல்ல எறங்கி எங்கீங்க அத்தா போறது?”

அன்று பெட்ரோல் பங்கில் ரவூப்போடு காத்திருந்த ஒருவர், “ஒண்ணு ரெண்டு கப்பல் போனாலும் போகுதுங்க, மிச்சம் வந்து சேரட்டும்” என்றார். முந்தின நாள்வரை ரவூப்பும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கப்பல்கள் வரிசையாகத் தாண்டின. ஷாபாஸின் கப்பலில் மட்டும் ஏவுகணை விழுந்தது. இன்ஜின் ரூமிலிருந்து யாரும் மேலே வரவில்லை. அடக்கம் செய்ய மையத்தும் கிடைக்கவில்லை.

மற்றக் கப்பல்கள் கரை சேர்ந்தன. டீசல் வந்தது, கம்பெனியும் திறந்தது. துக்கம் கேட்க வந்த பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி, “நாங்க வேற வேன் பாத்துக்கறோமுங்ணா” என்றாள்.

“வேண்டாம்மா. நானே வர்றேன்” என்றார் ரவூப்.

பங்கில் வேனை நிறுத்தி டீசல் மூடியைத் திறந்துவிட்டார். பங்குப் பையன் குழாயைச் செருகும்போது அவரால் அங்கே நிற்க முடியவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.