மூன்றாம் கட்டத்துச் செடிகள்

எளாவூருக்குக் கிழக்கே உப்பங்கழிச் சேற்றில், கயிறு கட்டிப் பிரித்த நான்கு கட்டம் உமிரிச் செடிகளுக்கு லோகு காவல் இருந்தார். இருபது வருஷம் கம்பி ஆலை கேட்டில் லாரிகளை நிறுத்தியவர். இங்கே நிறுத்துவதற்கு நண்டுகள்தாம் கிடைத்தன. ஆனாலும் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் வருவார். கழுத்தில் விசில் வேறு.

வேலை கொடுத்தவள் ஹெலன், கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். முதல் நாளே விளக்கிவிட்டாள்.

"உப்புல நிக்கிற செடிக்குத் தண்ணி இருந்தும் தாகம்ணே. உள்ளாற ஒரு சரக்கு தயார் பண்ணி வச்சிக்கினுதான் உப்பை சமாளிக்குது. அத்த செய்ய தழைச்சத்து வேணும். வேர்தான் சேத்துலேர்ந்து உறிஞ்சணும்."

மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் அவள் உரம் வைத்தாள், அதுவும் தனி உரம். அதிலிருந்த தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சாதாரண நைட்ரஜனைவிட எடை கொஞ்சம் கூடிய வகை. யாருக்கும் கெடுதல் இல்லை, ஆனால் எங்கே போய் ஒளிந்தாலும் கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டே மாதத்தில் மூன்றாம் கட்டம் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று எழுந்தது. மற்றவை சாண் உயரத்தில் சிவந்து நின்றன. லோகுவுக்குப் பெருமை தாங்கவில்லை, தானே பெற்றது மாதிரி.

அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நாஷ்டா முடித்துத் திரும்பியவர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். கழிக்கரையில் குடியிருக்கும் ஜோதிலட்சுமி வளர்க்கும் வெள்ளாடு மூன்றாம் கட்டத்தை மொட்டையடித்துவிட்டு, அசை போட்டபடி அவரைப் பார்த்தது.

ஹெலனுக்குப் போன் போட்டார்.

"மேடம், ஆடு தின்னுட்ச்சி."

"எந்தக் கட்டம்ணே?"

"மூணு மட்டும். மத்தத மோந்துகூட பாக்கல."

ஹெலன் குரலில் அழுகை இல்லை, உற்சாகம்.

"சத்து எங்க கீதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குதுண்ணே! ரெண்டு நாளைக்கு அது போடுற புழுக்கை ஒண்ணு விடாம வேணும். மூத்திரமும் கெடைச்சா நல்லது."

லோகு ஆட்டின் பின்பக்கத்தில் ஒரு துணிக்கடைப் பையைக் கட்டினார். அரைமணி நேரத்தில் ஜோதிலட்சுமி வந்து நின்றாள்.

"யோவ், என் ஆட்டுக்கு இன்னாத்துக்குய்யா ஜட்டி?"

"சயின்சுக்கு, அக்கா. செடி தின்ன சத்து இப்ப ஆட்டுக்குள்ள கீது. வெளிய வந்தா புடிக்கணும்."

"சத்துன்றே. அத்த என் கத்திரிச் செடிக்குப் போடாம உனக்கு ஏன் குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: கத்திரிக்குப் பாதி, கல்லூரிக்குப் பாதி. இருவரும் அவள் வீட்டு வாசலில், ஆட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு டப்பாவோடு குந்தினார்கள். இத்தனை கண்கள் பார்க்க ஆட்டுக்கு வெட்கமோ என்னவோ, சாயங்காலம்வரை ஒன்றும் போடவில்லை. ஜோதிலட்சுமி ஆட்டைக் கறந்து டீ மேல் டீயாகப் போட்டுக் கொடுத்தாள், கல்லூரிக்கென்று ஒரு பாட்டில் பாலும் எடுத்து வைத்தாள். மூத்திரத்துக்கு பிளாஸ்டிக் மக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் லோகுவின் காக்கிச் சட்டை இரண்டு முறை நனைந்தது.

ஒரு மாதம் கழித்து ஹெலன் நேரில் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"நாம வச்ச சத்து புழுக்கைல கீது, மூத்திரத்துல கீது. அன்னிக்கி அக்கா குடுத்த பால்லயும் கீதுண்ணே!"

லோகு விரல் விட்டு எண்ணினார்.

"மேடம், அந்தப் பால்லதான் நான் ஆறு கிளாஸ் டீ குடிச்சேன்."

ஹெலன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூன்றாம் கட்டத்தை அவள் பார்க்கும் அதே பார்வை.

"அண்ணே, அந்தச் சத்து நகத்துலயும் போய்ச் சேரும். நீங்க நகம் வெட்டி எவ்ளோ நாளாச்சு?"

லோகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் ஜோதிலட்சுமி உள்ளே போய் நகவெட்டியோடு வந்துவிட்டாள்.

"காட்டுய்யா கைய. ஆடே சும்மா நின்னுது, உனக்கு இன்னா?"