பைக்குக்குப் போட்ட வழி

அவளுக்கு ரத்த வங்கியில் வேலை. ஐஸ் பெட்டியைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய் வருபவள். அன்று மதியம் பார்த்துப் பைக் பஞ்சர். பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. லேசில் கிடைக்காத ரத்த வகை, கையில் இருந்ததோ இரண்டே பை. பக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அடித்துப் பிடித்துக் காரோடு வந்தார்.

போனில் ஆஸ்பத்திரிக்கு வழி போட்டாள், பதினெட்டு நிமிடம் என்றது. பெட்டி அவள் மடியில். போன் சொன்ன பக்கமெல்லாம் மாமா திருப்பினார். தெரு சந்தாயிற்று, சந்து மேலும் ஒடுங்கியது. கடைசியில் வழியை மறித்து மூன்று இரும்புக் கம்பங்கள். நடுவே பைக் நுழையலாம், அவ்வளவுதான்.

போனின் ஓரத்தில் சின்னதாக ஒரு பைக் படம். அப்போதுதான் அதைக் கவனித்தாள். போன்மேல் பழியைப் போட்டிருக்கலாம், மனம் வரவில்லை.

“தப்பு என்னோடது மாமா. எப்பவும் பைக்குக்குத்தான் வச்சிருப்பேன். காருக்கு மாத்தாம விட்டுட்டேன்.”

பின்னால் தண்ணீர் லாரி வந்து அடைத்துக்கொண்டது. காருக்கு மாற்றிப் பார்த்தாள். சுற்றிப்போக நாற்பது நிமிடம். நடைக்கு மாற்றினாள், பதினாறு. ரயில் பாதைக்கு மேலே படியேறிக் கடக்கும் பாலம், அதுவரை போன் காட்டாத வழி.

“நீ இறங்கி ஓடும்மா. வண்டியை நான் பாத்துக்கறேன்,” என்றார் மாமா.

கதவு பாதிதான் திறந்தது. பெட்டியை வெளியே வைத்துவிட்டுத் தன்னை நெருக்கிக்கொண்டு இறங்கினாள். பை குலுங்கக் கூடாதே என்று ஓடவும் முடியவில்லை, நடக்கவும் பொறுமையில்லை. பாலத்தின் பாதியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் போனில் வந்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நடந்து வருகிறேன் என்றதும், வாசலில் நிற்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தியேட்டர் வாசலிலேயே நின்ற நர்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதிர் பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவன். அவன் முகத்தைப் பார்க்க இவளுக்குத் தைரியமில்லை. மாமா கூப்பிட்டார், காரை வெளியே எடுத்துவிட்டாராம், ஒரு பக்கக் கண்ணாடி போய்விட்டதாம். “அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?” என்றார். இன்னும் உள்ளேதான் என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தாள். ரத்தம் நின்றுவிட்டது, தாயும் பிள்ளையும் நலம், ரத்தம் கொண்டுவந்தது இவர்தான் என்று அவனிடம் சொன்னாள். அவன் எழுந்து வந்தான்.

“நான் தாமதமாத்தாங்க வந்தேன்,” என்றாள் அவள். “என் தப்பாலதான்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வந்துட்டீங்கல்ல,” என்றான்.

அவள் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள்.