இடது இன்ஜின் பம்ப்

வக்கீலின் பேனா நாற்பத்தேழாவது வரியில் வந்து நின்றது. அவர் நிஜ வக்கீல் இல்லை. விமானங்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். தனக்குக் கீழே வேலை செய்பவர்களின் வேலைக் குறிப்பேடான லாக்புக்கில் கையெழுத்துப் போடும்போது வரிக்கு ஒரு கேள்வியாவது கேட்காமல் போட மாட்டார். அதனால் விமானங்கள் நிற்கும் ஹேங்கரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் மெக்கானிக். மணி இரண்டு. அவளுடைய லைசென்ஸ் விண்ணப்பம் நான்கு மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் முதலில் தேறிய தேர்வுத் தாளுக்கு இன்றோடு பத்து வருஷம். நாளை விடிந்தால் அந்தத் தாள் செல்லாது. மறுபடி படித்து மறுபடி எழுத வேண்டியதுதான்.

மொத்தம் பதிமூன்று தாள்கள். வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்றபடியே படித்தாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவர் அவள் கணவர். பேருந்து ஓட்டுநர். பாதி வார்த்தைகள் அவர் வாயில் நுழையாது. "என் பஸ் நின்னா இறங்கி ரெண்டு தட்டு தட்டுவேன், கிளம்பிடும். உன் விமானத்துக்கு மட்டும் எங்கிருந்துதான் இத்தனை சீக்கு வருதோ" என்பார். பதிமூன்றாவது தாளின் முடிவு வந்தபோது அவர் இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பதினோரு மாதம் ஆகிவிட்டது. அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கு பொத்துப்போனதுகூட மறுநாள்தான் தெரியும். "அம்மா, ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு" என்று மகள் சொன்னால், "ம்" என்று கேட்டுக்கொண்டு அப்படியே கிளம்பிப் போவாள்.

"இடது இன்ஜின், ஹைட்ராலிக் பம்ப் மாத்தினது," வக்கீல் படித்தார். "பழைய பம்பைக் கழட்டினதும் முதல்ல என்ன பாத்தே?"

புத்தகத்தில் இருக்கும் பதில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே, என்ன பார்த்தாய் என்றல்லவா கேட்டார். அவள் தேதியைப் பார்த்தாள். அந்த ஐந்தாம் நாள்.

"ஞாபகம் இல்ல சார்."

"பம்பா?"

"அந்த நாளே. காலையில வண்டி ஏறினது தெரியும். சாயங்காலம் சோப்புப் போட்டுக் கை கழுவினது தெரியும். நடுவுல ஒண்ணும் இல்ல."

ஸ்டோர் கீப்பர் திருகாணிப் பெட்டியோடு உள்ளே வந்தார். "குறுக்கு விசாரணை இன்னும் முடியலையா சார்? அக்காவுக்கு ஜாமீனாவது குடுங்க." யாரும் சிரிக்கவில்லை. பெட்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

லாக்புக்கில் இருப்பதெல்லாம் என் கையால் செய்தது என்று அவள் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்தேன் என்று அவர் எழுத வேண்டும். இந்த ஒரு வரியை அடித்துவிட்டால் லைசென்ஸுக்குத் தேவையான ஹைட்ராலிக் வேலைகளில் ஒன்று குறையும். விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வக்கீல் பீரோவைத் திறந்து அன்றைய வேலைத்தாளைத் தேடி எடுத்தார். அடியில் விமானம் பறக்கலாம் என்று ஒரு முத்திரை. அவருடைய முத்திரை.

அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தார்.

"அன்னைக்கு நான் உன்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலம்மா. ஏணியில ஏறியும் பாக்கல. உன் முகத்தைப் பாத்தேன், கேக்க மனசு வரல. முத்திரையைக் குத்திட்டேன்."

அவள் குனிந்து முத்திரையைப் பார்த்தாள்.

"பதினோரு மாசமா பறந்துட்டுதானே இருக்கு," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "இப்ப நான் கையெழுத்தைப் போட்டுட்டா விண்ணப்பம் போயிடும். யாரு கேக்கப் போறா?"

"நீங்க கேட்டுட்டீங்களே சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அந்த விமானம் நேத்துலேர்ந்து இங்கதான் நிக்குது," என்றாள். "தொறந்து பாத்துடலாம்."

"தப்பா இருந்தா எழுதணும். உன் பேரும் வரும், என் பேரும் வரும்."

"எழுதுங்க."

பயமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஏணியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டது. இன்ஜின் மூடியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். வக்கீல் பக்கத்துப் படியில் ஏறி நின்று டார்ச் அடித்தார். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாகப் பம்ப் உட்கார்ந்திருந்தது. கசிவு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு நட்டுகள். நட்டை உரிய அளவுக்கு முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். பிற்பாடு நட்டு இம்மியளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நட்டுக்கு ஒரு கோடு. எந்த ஊர் ஹேங்கரிலும் அதுதான் கணக்கு.

முதல் நட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. அடுத்ததில் மூன்று. மூன்றாவதிலும் மூன்று. ஒன்றுகூட உடையவில்லை. முறுக்கிக் கோடு போட்டவள், போட்டதை மறந்து திரும்ப வந்து, திரும்ப முறுக்கிப் பார்த்து, திரும்பவும் போட்டிருக்கிறாள். வக்கீல் டார்ச்சை உள்ளே நீட்டினார். கை எளிதில் எட்டாத மூலையில் இருந்த நான்காவது நட்டு, கோடு எது இடைவெளி எது என்று தெரியாமல் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"எத்தனை தடவைம்மா வந்தே?"

அவள் கையுறையைக் கழற்றிப் படியில் வைத்தாள். தோள் இடிக்கக் கையை உள்ளே விட்டு, அந்த நட்டின் மேல் விரல்நுனியை வைத்து, யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனதைத் தடவிப் படிப்பதுபோல, ஒவ்வொரு கோடாக எண்ணத் தொடங்கினாள்.