ரங்கன் பூட்டிய பதில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரே பட்டாசு டீச்சர். கிருபாவதி என்ற பெயர் வருகைப் பதிவேட்டில்தான் இருந்தது. நான் கணக்கு டீச்சர், ரங்கன் அங்கே லேப் அசிஸ்டெண்ட். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவர். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் நடந்து வருவார்.

1986இல் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள தகவலை அடுத்தவர் படிக்க முடியாதபடி காக்க வழி கண்டுபிடிப்பவர்களுக்கு அரசாங்கம் ஆராய்ச்சி நிதி தரும், தனி ஆட்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. ஆசிரியர் அறையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். ரங்கன் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மலைக்குக் கீழே திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொட அனுமதி வாங்கினோம். நான் சர்ச் முடிந்து போவேன், அவர் புதூர்நாடு வரை நடந்து, பஸ் பிடித்து வருவார். ஆறு மாதத்தில் பூட்டும் முறை ஒன்று உருவானது. ஒரு கடிதத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் எண்கள். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. ஒருவர் சாவியை மற்றவரிடம் சொல்லக் கூடாது. இரண்டையும் கொடுத்தால்தான் கடிதம் திறக்கும், இல்லாவிட்டால் திரை முழுக்க வெறும் எண்கள்தான். என் சாவியை நோட்டில் எழுதி வைத்தேன். அவர் எங்கும் எழுதவில்லை.

"எழுதி வச்சா எவனாச்சும் எடுத்துடுவான் டீச்சர். என்னுது நான் தினம் பாக்குற இடத்துல கீது" என்பார்.

இதற்கிடையில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ரங்கனாக வாயைத் திறப்பார் என்று காத்திருந்து காத்திருந்து எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் லேபில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"வூட்ல நான் இன்னா சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்தவர் தனியாக உட்கார்ந்து ஏதோ டைப் அடித்தார். தன் சாவியைப் போட்டார், என் சாவியைப் போடச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் பாட்டுக் கேசட்டில்தான் பதிய முடியும்; அப்படி ஒரு கேசட்டில் பதிந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க கேட்டதுக்குப் பதிலை இதுல பூட்டிட்டேங்க. வூட்ல ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசணும். அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு பேருமா தொறக்கலாம்."

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் சண்டை போட்டேன். "அன்னிக்காவது நேரத்தோட வாங்க. ஜீப்புல வாங்க. இந்தக் காலத்துல யாரு நடக்கறாங்க?"

"ஒரு தபா எங்கூட எங்க வூடு வரைக்கும் நடந்து பாருங்க டீச்சர்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஜீப்பில் வந்தார். புளி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். வளைவில் ஜீப் கவிழ்ந்தது.

அந்த வாரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பூட்டிய மாதிரி ஒன்றை அனுப்ப வேண்டும், தில்லியில் உள்ளவர்கள் அதை உடைக்கப் பார்ப்பார்கள், உடையாவிட்டால்தான் நிதி. நான் அந்தக் கேசட்டையே பிரதி எடுத்து அனுப்பினேன். கூடவே என் சாவியையும் எழுதி, பாதிச் சாவி கையில் இருந்தால் உடைகிறதா என்று பார்க்கும்படி கேட்டிருந்தேன். எல்லாரும் அதைத் துணிச்சல் என்று நினைத்தார்கள். எனக்கு நிதி வேண்டாம், அது உடைந்தால் போதும். எங்கள் பூட்டு தோற்றுப்போக வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பாதிச் சாவி இருந்தும் மூன்று நிபுணர்களால் ஆறு வாரத்தில் திறக்க முடியவில்லை, எனவே நிதி வழங்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். நான் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

இந்த முறையில் உள்ள குறைகளைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இட்ட ஆராய்ச்சி. இரண்டு வருடம். அந்த நிதியில் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே நான் ரங்கனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மாதம்மாள் என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை.

"டீச்சர்தானே? கோவக்கார டீச்சர்னு சொல்லிக்கினே இருப்பான்."

சாவியைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பாதைக்குக் கூட்டி வந்து ஒரு புளியமரத்தைக் காட்டினார்.

"இது செல்லி புளி. அடுத்தாப்புல மாதையன் பலா. இப்படிப் பதினாறு மரம் பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எத்தினி அடின்னு எண்ணிக்கினே நடப்பான். இன்னாடா இதுன்னா, சாவிம்பான். எத்தினி தபா எண்ணினாலும் கணக்கு மாறாதாம்."

அன்றே நடந்தேன். செல்லி புளியிலிருந்து மாதையன் பலாவுக்கு என் காலில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ரங்கன் என்னைவிட ஒரு சாண் உயரம். அவருடைய தம்பி சின்னதம்பியை நடக்கவைத்தேன், இருநூற்று நாற்பத்தேழு வந்தது. மறுநாள் இருநூற்று ஐம்பத்தொன்று. பதினைந்து இடைவெளிக்கும் தம்பியின் எண்களைச் சுற்றிப் பத்துப் பத்து எண்கள் என்று வைத்தாலும், எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்து முடிக்க அந்தக் கம்ப்யூட்டருக்கு என் ஆயுள் போதாது. இது கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? தெரிந்தும் இரண்டு வருடம் விடவில்லை. வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டேன். அரசாங்கப் பணத்தில் ஒரு மனுஷனின் காலடியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் அவரோடு நடந்திருந்தால் கூடவே எண்ணியிருப்பேன்.

கடைசியாகப் போனபோது மாதம்மாள் கேழ்வரகுக் களி கிளறிப் போட்டார். நான் சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்.

"ஜீப்புல போனதுக்கு மொத நாள், அந்த சனிக்கெழமை, ஏதோ சொல்லணும்னு வந்து நின்னான். புளி ஒலுக்கற நேரம், கை நெறைய வேலை. அப்புறம் சொல்லுடான்னுட்டேன். அது தொறந்துச்சுன்னா எனுக்கும் ஒரு வார்த்தை சொல்லு கண்ணு."

சரி என்று தலையை ஆட்டினேன்.

இறுதி அறிக்கைப் படிவம் 1989 ஜூலையில் வந்தது. முதல் ஆய்வாளர் கையெழுத்து: கிருபாவதி. இரண்டாம் ஆய்வாளர் இடத்தில், காலமானார் என்று எழுதினேன். கண்டறியப்பட்ட குறைகள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பொய் எழுத எனக்கு வராது. குறை எதுவும் இல்லை என்று எழுதி, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.

தில்லியிலிருந்து பாராட்டு வந்தது. இவ்வளவு உறுதியான முறையை ஒரு மலைப் பள்ளியில் இருவர் சேர்ந்து உருவாக்கியது ஆச்சரியமாம். பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம். கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கக் கூடாதா, ரங்கன்?