ஒருவருக்குத்தான் இடம்

அவன் அறையை விட்டு வெளியே வந்தபோது சட்டைக் காலரின் பின்பக்கம் நனைந்திருந்தது. கதவு திறந்த நொடியில் உள்ளே ஏசி ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தக் குளிரில் இருந்து வருகிறவனுக்கு எப்படி வேர்க்கும் என்று அவள் யோசிப்பதற்குள் அவன் அவளைக் கடந்து, தண்ணீர் கேன் இருந்த மூலைக்குப் போய், பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்தான். அவள் பக்கம் திரும்பாமலே கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். கல்லூரி நாட்களிலிருந்தே அவளுக்கு அந்த விரலைத் தெரியும். தேர்வை நன்றாக எழுதினாலும் உயரும், சொதப்பினாலும் உயரும். முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அந்த முகத்தை அவன் கப்புக்குள் புதைத்திருந்தான்.

"அடுத்தவங்க வரலாம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தண்ணீர் பரிசோதிக்கும் லேப் அது. கீழே வரிசையாக மோட்டார் உதிரிபாகக் கடைகள், மேலே இரண்டாவது மாடி முழுக்க லேப். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தும், ஆஸ்பத்திரிகளில் இருந்தும், தொழிற்சாலைகளில் இருந்தும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் இரண்டு பேர் தேவை என்று போட்டிருந்தார்கள். காலையில் எல்லோரையும் செய்முறைத் தேர்வுக்கு நிற்க வைத்தார்கள். தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விட, அடர்சிவப்பு மெல்ல மங்கி நீலமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு கெட்டுவிடும். அதில் அவளுக்குக் கை நடுங்கவில்லை. குடுவைகளைப் பார்த்தால் அவளுக்கு எப்போதுமே ஒரு நிம்மதி. பக்கத்து மேஜையில் அவன் நின்று குடுவையைச் சுழற்றியபடி, யாரும் பார்க்காதபோது ஒரு கண்ணைச் சிமிட்டினான். மதியத்துக்குள் மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இவர்கள் இருவர்தான்.

அவள் பயமெல்லாம் கடைசிக் கேள்வியில் இருந்தது. இதற்கு முன் போன இரண்டு இடங்களிலும் அந்தக் கேள்வியில்தான் கவிழ்ந்தாள். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று முதல் இடத்தில் கேட்டபோது "நாற்பது" என்றாள். எதிரே இருந்தவர் வாய்விட்டுச் சிரித்து, "நானே அவ்வளவு வாங்கலைம்மா" என்று ஃபைலை மூடிவிட்டார். சூடு பட்டவளாக இரண்டாவது இடத்தில், "நீங்க எவ்வளவு குடுத்தாலும் சரி சார்" என்றாள். தன் மதிப்பு தனக்கே தெரியாதவரை எப்படி வேலைக்கு எடுப்பது என்று அங்கிருந்தவர் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தாள்.

அந்த நாற்பது அப்பாவுடையது. கல்லூரியின் கடைசி வாரத்தில் டை கட்டிய ஒருவர் வந்து, உங்கள் பிள்ளைகளுக்கு ஆரம்பச் சம்பளமே நாற்பதாயிரம் என்று பெற்றோர் முன்னால் பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் போனார். ஜவுளிக் கடையில் கேஷியராக இருக்கும் அப்பா வாழ்நாளில் எந்த எண்ணையும் தவறாகச் சொன்னதில்லை. இதையும் உறவுக்காரர் அத்தனை பேரிடமும் துல்லியமாகச் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் அப்போது, "நாற்பதா? இனிமே உன்கூடப் பேசவே அப்பாயின்ட்மென்ட் வாங்கணும் போலிருக்கே" என்று கேலி செய்தார். மாதங்கள் போகப் போகக் கேலியின் திசை மாறியது. "என்னம்மா, நாற்பது கிளம்பிடுச்சா, இல்ல இன்னும் பஸ்ஸுக்கு நிக்குதா?" எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். போன வாரம் அவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "பெரியப்பா ஒரு இடம் சொல்றார். நல்ல பையனாம். இந்த மாசத்துக்குள்ள உனக்கு எதுவும் அமையலேன்னா அவங்கள வரச் சொல்லிடறேன்மா. நானும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்றது." அவர் கத்தியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். மெதுவாகச் சொன்னதால் தலையை ஆட்டினாள்.

இந்த முறை அவளும் அவனும் முன்பே விவரம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். வேறொரு லேபில் வேலை செய்யும் சீனியர் அக்கா சொன்னாள், புதுசா வர்றவங்களுக்கு இருபதுக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுலதான், நாற்பதுன்னு போய் நிக்காதீங்க, ஆனா இருபதுக்குக் கீழயும் இறங்காதீங்க, ஒருத்தர் இறங்கினா எல்லாரையும் இறக்கிடுவாங்க. இருபத்தைந்து கேட்பது, இருபதுக்குக் கீழ் யாரும் போவதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். பஸ்ஸில் அவன் மேனேஜராக மாறி, கால் மேல் கால் போட்டு, கேள்வியை மறுபடி மறுபடி கேட்டான். "இருபத்தஞ்சு கேக்கற மாதிரி இல்ல மிளகு, இருபத்தஞ்சைத் தொலைச்சுட்டு மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கு. சத்தமா சொல்லு." மிளகு என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். கழுத்து நீண்ட அவனுக்கு வகுப்பு வைத்த பெயர் ஒட்டகம். அவள் சத்தமாகச் சொல்ல, முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தனக்கு வேலை கிடைத்த அன்றே அவள் அப்பாவை வந்து பார்த்துப் பெண் கேட்பதாகச் சொல்லியிருந்தான். ஒரே லேப், ஒரே பஸ். அதற்கு மேல் அவர்கள் எதையும் ஆசைப்பட்டிருக்கவில்லை.

மேனேஜர் ஒரு பெண். தோளில் சால்வை போர்த்தியிருந்தார். "உட்காரும்மா. இந்த ஏசியக் குறைக்கவே தெரியல எனக்கு" என்று ரிமோட்டைத் தள்ளி வைத்தார். அவளுடைய செய்முறைத் தாளைப் பார்த்து, நல்லாப் பண்ணியிருக்கே என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இருபத்தஞ்சு மேடம்."

குரல் சரியாக வந்தது. மேனேஜர் சிரித்தார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா? பரவாயில்ல, தப்பில்ல." சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "விளம்பரத்துல ரெண்டு பேர்னுதான் போட்டோம். இப்ப மேல ஒருத்தர் போதும்ங்கறாங்க. பதினெட்டுன்னா நான் இன்னைக்கே பேசி முடிச்சிடுவேன். அந்தத் தம்பிகிட்டயும் இதையேதான் சொன்னேன். அஞ்சு மணிக்குள்ள போன் பண்றேன்னார். நீயும் யோசிச்சுச் சொல்லு. யார் முதல்ல சரிங்கறாங்களோ அவங்களுக்கு."

"யோசிக்கறேன்னா சொன்னான்... சொன்னார்?"

"ஆமாம்மா. முடியாதுன்னு சொல்லல."

அவளும் முடியாது என்று சொல்லவில்லை. "நானும் போன் பண்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கதவின் கைப்பிடி சில்லென்று இருந்தது. வெளியே வந்ததும் தன் முதுகு நனைந்திருப்பதை உணர்ந்தாள்.

படி இறங்கும்போது அவன்தான் முதலில் கேட்டான். "என்ன சொன்னாங்க?"

"உனக்கு என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு."

"கூப்பிடறோம்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

ஒரு படி, இன்னொரு படி. உண்மையைச் சொல்ல அவளுக்கு அவ்வளவுதான் இடம் இருந்தது. "எனக்கும் அதேதான்" என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிக நேரம். அவன் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதும் பொய் என்று அவனுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாவிட்டால் ஏன் அப்படிப் பார்த்தான்? எதிரே இருந்த பேக்கரிக்கு ரோட்டைக் கடக்கும்போது எப்போதும் போல அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் ஈரமாக இருந்தன.

கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தார்கள். இரண்டு டீ, இரண்டு பன். வழக்கமாக அவன் தன் பன்னை முடித்துவிட்டு அவளுடையதில் பாதியைப் பிய்ப்பான், அவள் கையில் அடிப்பாள். இன்று அவன் பன்னே அப்படியே இருந்தது.

"இருபத்தஞ்சுன்னு சொன்னியா?"

"சொன்னேன். நீ?"

"நானும் சொன்னேன்."

"குரல் நடுங்கல" என்றாள்.

"பரவாயில்லையே மிளகு. என்னோடதுதான் நடுங்கிச்சு." கரண்டியால் டீயைக் கலக்கினான், நின்றான், மறுபடி கலக்கினான். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்னா என்ன பண்ணலாம்?"

அவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் இப்போது மேஜை மேல் கொட்டிவிடலாம். கொட்டினால் அடுத்து ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். நீ எடுத்துக்கோ என்று அவன் சொன்னால் அதை எப்படி வாங்கிக்கொள்வது? சொல்லாவிட்டால்? அப்பாவின் மெதுவான குரல் காதில் விழுந்தது. இந்த மாதம் முடிய அதிக நாள் இல்லை.

"கிடைக்கும்போது பார்த்துக்கலாம். இப்பவே எதுக்கு அபசகுனமா பேசிக்கிட்டு" என்றாள்.

"அதுவும் சரிதான்." அவன் எழுந்தான். "அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். உள்ள சிக்னல் சரியில்ல."

அவன் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். ஷிஃப்ட் முடியும்வரை போன் லாக்கரில் இருக்கும், மாலைக்கு முன் எடுக்கவே மாட்டார். இன்று ஷிஃப்ட் மாறியிருக்கலாம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவளுடைய போனில் சிக்னல் முழுதாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே, அவன் முதுகு காட்டி நின்று போனைக் காதில் வைத்தான். அவனுக்கு வேலை கிடைக்கட்டும், அதனால் என்ன, கிடைத்தால் வந்து அப்பாவைப் பார்க்கப்போகிறான் என்று நினைத்துப் பார்த்தாள். சம்பளம் எவ்வளவு தம்பி என்று அப்பா கேட்பார். பதினெட்டு என்பான். வேலை இல்லாத பெண்ணை, பதினெட்டு வாங்கும் பையனுக்கு, பெரியப்பா சொன்ன இடத்தை விட்டுவிட்டு, அப்பா கொடுப்பாரா? தனக்கு வேலை இருந்தால் ஒரு வருடமாவது தள்ளிப்போடலாம். அந்த ஒரு வருடத்தில் அவனுக்கும் ஒன்று அமைந்துவிடும். இதைச் செய்வதே அவனுக்காகத்தான். அப்படி நினைத்ததும், அவனும் அங்கே நின்றுகொண்டு இதே வார்த்தைகளைத்தான் நினைக்கிறானோ என்று தோன்றியது.

லேபின் எண்ணை அழுத்தினாள். எங்கேஜ்டு.

வெளியே அவன் பேசிக்கொண்டிருந்தான். அந்த நீண்ட கழுத்து முன்னால் வளைந்து வளைந்து ஆமோதித்தது. மறுபடி அழுத்தினாள். எங்கேஜ்டு. அவன் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, அசையாமல் நின்றான். இன்னொரு முறை அழுத்தினாள். மணி அடித்தது.

"சொல்லும்மா."

"மேடம், பதினெட்டுக்கு எனக்குச் சரி." பஸ்ஸில் அவன் கேலி செய்த அதே குரல்.

"சந்தோஷம். இப்பத்தான் உன் ஃப்ரெண்டும் சரின்னார். கவலைப்படாதே, மேல நான் பேசிக்கறேன், அவங்களும் ஒத்துக்குவாங்க. ரெண்டு பேரும் பதினெட்டுங்கறப்போ ரெண்டு பேரையுமே எடுத்துக்கலாம். திங்கக்கிழமை ஒன்பதுக்கு சேர்ந்தே வந்துடுங்க. விவரம் அனுப்பச் சொல்றேன்."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள். போனை வைத்த பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று தோன்றியது. வேலை கிடைத்துவிட்டது. கேட்டதுபோல ஒரே லேப், ஒரே பஸ். போனைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனை மேஜையில் வைத்தான்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. உன்னைக் கேட்டாங்க." கண்ணாடியைப் பார்த்தான். வெளியில் இருந்து இந்த மேஜை எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அவளும் அப்போதுதான் பார்த்தாள். "நீ யார்கூடப் பேசிக்கிட்டிருந்த?"

"அப்பா. எப்ப வர்றேன்னு கேட்டார்."

அவன் தலையை ஆட்டினான். அவள் பன்னிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தான். அவள் கையில் அடிக்கவில்லை. துண்டை வாயில் போடாமல் தட்டின் விளிம்பிலேயே வைத்துவிட்டான்.

மேஜை அதிர்ந்தது. இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. அவனுடைய கை தன் போனை மூடியது, அவளுடையது தன்னுடையதை.

"வேற ஏதாவது வேணுமா?" என்று பேக்கரிக்காரர் கல்லாவில் இருந்து கேட்டார்.

"வேண்டாம்" என்றார்கள் இருவரும், ஒரே சமயத்தில்.

டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அவன் நகங்கள் வெளுக்கும் அளவுக்குக் கையை அழுத்தி வைத்திருந்தான். அவன் விரல் இடுக்குகளில் இருந்து வெளிச்சம் மேஜை மேல் மெல்லிய கோடுகளாகக் கசிந்தது. அவளுடைய விரல்களில் இருந்தும் அதே போல. சற்று நேரத்தில் ஒரு கையின் கீழ் அணைந்தது. பிறகு மற்றதன் கீழும் அணைந்தது.