கணிசம் என்றால் எத்தனை கிலோ

1

இந்தக் கதை என் சொந்தத் தப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2008இல் திருவள்ளூர் மருந்து விநியோகஸ்தர் தணிகாசலத்துக்காக ஒரு நோட்டீசைத் தமிழில் பெயர்த்தேன். சி.எல்.ஏ. என்ற மாத்திரை. உடம்புக் கொழுப்பைக் குறைக்க இன்னொரு கொழுப்பை விழுங்கச் சொல்லும் சமாச்சாரம். [குசும்பா விதை எண்ணெயில் செய்கிறார்கள். பெயரிலேயே குசும்பு இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.]

ஆங்கிலத்தில் 'சிக்னிஃபிகன்ட்' எடைக் குறைவு என்று இருந்தது. ஆய்வுக்காரர்கள் பாஷையில் அதற்கு, இது தற்செயலாக நடந்திருக்காது என்று மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு குறைந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. நான் 'கணிசமான எடைக் குறைவு' என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது, அதைத் தவிர வேறு காரணமில்லை.

2

தொடக்கம் ஒன்று: "மீஞ்சூர் ஸ்டேஷனில் மழை பெய்துகொண்டு..." வேண்டாம். அன்று மழை இல்லை.

தொடக்கம் இரண்டு: "சாராள் பருமனான..." இதுவும் வேண்டாம். ஒரு பெண்ணை எடைபோட்டுத்தான் அறிமுகம் செய்ய வேண்டுமா? ஆனால் விஷயமே அவள் எடைதான், என்ன செய்ய.

நேராகவே சொல்கிறேன். சாராளுக்கு முப்பத்தாறு வயது. மீஞ்சூரில் எனக்குப் பக்கத்துத் தெரு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. (நான் அங்கேயே வேறொரு கம்பெனியில் கிளார்க். மொழிபெயர்ப்பு ஞாயிற்றுக்கிழமைத் தொழில்.) அவள் தம்பி ஸ்டீவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் சென்னையில் டயாலிசிஸ். சாராளுடையது பொருந்தியது, கொடுக்க அவளும் தயார். ஆனால் எண்பத்து நாலு கிலோவில் ஆபரேஷன் ஆபத்து, எழுபத்தைந்துக்கு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் டைம். அதற்கு மேல் தள்ளினால் ஸ்டீவன் உடம்பு தாங்காது.

3

ஒருநாள் காலை ரயிலில் என் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து அந்த நோட்டீசை எடுத்தாள்.

"இது நீங்க எழுதுனதாமே சார்? மருந்துக் கடையில சொன்னாங்க."

ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"கணிசம்னா எத்தினி கிலோ சார்?"

[இத்தனை வருட மொழிபெயர்ப்பில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி.]

"ரெண்டு மாசமா துன்னுகினு கீறேன். எம்பத்து நாலு எம்பத்து மூணு ஆயிக்கிது. மொதல்ல காலையில ஒரு மணிநேரம் நடந்துகினு இருந்தேன். மாத்திரை வந்ததும் அத்த உட்டுட்டேன். அதான் கணிசமா கொறையும்னு போட்டுக்கிதே. படிச்சவங்க சும்மாவா போடுவாங்க?"

இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

4

அன்று வீட்டுக்கு வந்து, முன்பே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். எலிகளிடம் மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது. மனிதர்களிடம் ஒரு ஆய்வு குறைந்தது என்கிறது, இன்னொன்று ஒன்றுமில்லை என்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நூறு கிராமுக்கும் கீழே. சாராளுக்குக் குறைந்த ஒரு கிலோ கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

[மாத்திரையைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவளை நடையை விடச் சொன்னது மாத்திரை அல்ல.]

மறுநாள் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், எலி உட்பட. முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"நான் எலியா பொறந்திருந்தா என் தம்பிக்குக் குடுத்திருக்கலாம்னு சொல்றீங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"உடுங்க சார், நாளையிலருந்து நடக்கறேன்" என்றாள்.

நடக்கிறாள். இதை எழுதும்போது எண்பத்தொன்று. டாக்டரைப் பார்க்க வேண்டியது வியாழக்கிழமை.

5

முடிவு (அ): வியாழனன்று எழுபத்தைந்து. கணக்கு உதைக்கிறது.

முடிவு (ஆ): டாக்டர் இன்னும் இரண்டு மாதம் டைம் தருகிறார், ஸ்டீவன் உடம்பும் தாங்குகிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

முடிவு (இ): ஸ்டீவன்

இதற்கு மேல் எழுத வரவில்லை.

கதை எழுதுவதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. கோபித்துக்கொள்ளவில்லை.

"எழுதுங்க. ஆனா என்னிய ஒல்லியாக்கி முடிச்சிடாதீங்க சார். அது எனக்கே யோசிக்க வரும். டாக்டரு முடியாதுன்னுட்டார்னா, ஊட்டுக்குப் போயி அவங்கிட்ட இன்னான்னு சொல்றது? அத்த எழுதிக் குடுங்க. எனக்கு அதான் வரல."

ஒன்பது முறை தொடங்கிவிட்டேன். எனக்கும் வரவில்லை. ஓர் அக்கா தம்பியிடம் சொல்கிற ஒரே வாக்கியம், அவ்வளவுதான் வேண்டும். உங்களுக்கு வந்தால் வியாழனுக்குள் முடித்துக் கொடுங்கள்:

"டேய் ஸ்டீவா, டாக்டரு இன்னா சொன்னார்னா