புகைக்கூடத்தில் ஒரு ட்ரம்பெட்

"உள்ள போகாதீங்கய்யா, மூச்சு முட்டும்!" என்று இராமசாமி கத்திக்கொண்டிருக்கும்போதே சுமன் கதவைத் தள்ளிக்கொண்டு புகைக்கூடத்துக்குள் பாய்ந்தான்.

கண் எரிந்தது. புகையில் காய்வதற்காகத் தொங்கிய ரப்பர் சீட்டுகளை முகத்தாலேயே ஒதுக்கிக்கொண்டு கடைசி வரிசைவரை போனான். கம்பியில் கட்டியிருந்த துணிப்பை கைக்கு அகப்பட்டது. பறித்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான்.

பைக்குள் ஒரு கசெட். அதன் ஓடு அப்பளம் போல நெளிந்திருந்தது.

"லேசா நெருப்பு வைங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சீட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதாங்க வச்சேன்." அடுப்புக்குப் பொறுப்பான இராமசாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார். "உள்ள பாட்டு தொங்குதுன்னு நான் என்னத்தக் கண்டேன்? அடுத்த தடவ ரேடியோவையும் தொங்க விடுங்க. நல்லா காயும்."

சுமனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தப் புகைக்கூடத்தின் மேற்பார்வையாளன் அவன். சீட்டில் பூஞ்சணம் பிடித்தால் துடைத்து மறுபடி புகையில் போடுவான், சரியாகிவிடும். எஹலியகொட மழையில் கசெட்டுக்குள்ளும் வெள்ளை பூத்தபோது, கை பழகிய வைத்தியத்தையே அதற்கும் செய்துவிட்டான்.

வெறும் கசெட் என்றால் பரவாயில்லை. எழுபதுகளில் எங்கேயோ ஒரு கிளப்பில் ஜாஸ் கோஷ்டி ஒன்று வாசித்ததை யாரோ மேசைமேல் மைக்கை வைத்துப் பதிந்தது அது. ரப்பர் தோட்டத்தை நிர்வகித்துவிட்டுப் போன பழைய துரை அவனிடம் கொடுத்தபோது, "இதுக்கு வேற பிரதி கெடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பதிவு படுமோசம். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல முழுக்க இரைச்சல். கிளாஸ் உரசும் சத்தம்; பக்கத்து மேசையில் எவனோ ஓயாமல் பேசுவான். முதல் தடவை கேட்டபோது சுமனே நிறுத்திவிட்டான். ஆனால் நாலாவது பாட்டில், அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு ட்ரம்பெட் மேலே ஏறும். அந்த நொடியில் கூட்டத்தில் ஒரு பெண் தன்னை மறந்து "ஆ!" என்பாள். பேசிக்கொண்டிருந்தவனும் வாயை மூடுவான். அந்த இடத்துக்காகத்தான் சுமன் நான்கு வருடமாக அதைக் கேட்டுவந்தான்.

பத்தரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டவுனுக்குப் போனான். அப்துல் ரஸாக்கின் ரேடியோக் கடை அப்போதுதான் திறந்திருந்தது.

"நானா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான், "எப்பிடியாவது காப்பாத்துங்க."

ரஸாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கசெட்டின் ஓட்டைப் பிரித்தார். டேப் சுருள் சுருளாக ஒட்டிக்கிடந்தது. இழுத்தார், பொடியாக உதிர்ந்தது.

"இது மௌத்தாப் போயிட்டுது தம்பி, இனி உசிர் வராது."

"நீங்க ஒட்டி, வெட்டி..."

"சாம்பல எப்பிடி ஒட்டுற?" ரஸாக் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "கொப்பி ஒண்ணும் எடுத்து வைக்கல்லயா?"

"எப்பிடி எடுப்பேன்? இது ஏங்கிட்ட மட்டும்தான் இருக்கணும்னு ஒரு கிறுக்கு. ஒங்ககிட்டயே கைல அடிச்சு வாக்கு வாங்கினேனே, கொப்பி எடுக்கவே கூடாதுன்னு. மறந்துட்டீங்களா?"

"மறக்கல்ல." ரஸாக் எழுந்தார். மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "தோட்டத்துல மழையா?"

"நானா! நான் என்ன பேசுறேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"இல்ல... போனது போகட்டும் தம்பி. அதுவும் ஒரு பாட்டா? தகரத்துல பலாக்கா விழுற சத்தம். நான் அப்பவே சென்னேனே."

சுமனுக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒங்களுக்கு அந்தக் காதே இல்ல. ஒங்ககிட்ட வந்தேன் பாருங்க, என்னயச் சொல்லணும்." கசெட் ஓட்டையும் உதிர்ந்த டேப்பையும் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

திரைக்குப் பின்னால் இருந்து ரஸாக்கின் மனைவி ஹபீலாவின் குரல் வந்தது.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. ஏங்க, ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஜும்மா முடிஞ்சி வந்து, சோத்த அப்பிடியே வச்சிட்டு கண்ண மூடிக்கொண்டு கேக்கிறீங்களே ஒரு பலாக்கா, அது என்ன?"

சுமன் திரும்பினான். ரஸாக்கின் காதுமடல் சிவந்துபோயிருந்தது. அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, ஏதோ ஆட்டப் பாட்டுபோல மேலே 'பைலா' என்று எழுதிய கசெட் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டார்.

இரைச்சல். அதற்குமேல் இன்னோர் இரைச்சல். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து எடுத்த கொப்பி, பழையதைவிட மோசம். ட்ரம்பெட் ஏறியது. "ஆ!" என்றாள் அவள். சரியாக அதன் தலைமேல், கொப்பி எடுத்த அன்று கடைக்கு வெளியே நின்ற கொழும்பு பஸ்ஸின் நடத்துநர், "கொலம்ப, கொலம்ப, கொலம்ப!" என்று கத்தினான்.

 ரஸாக்கை அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று சுமனுக்குத் தெரியவில்லை. பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றான். முடிந்ததும் கோபம்தான் முந்திக்கொண்டது.

"கைல அடிச்சுக் குடுத்தீங்களே நானா! ஊரே நம்புற மனுசன், இப்பிடியா வாக்க மீறுவீங்க?"

"நான் மீறல்ல." ரஸாக் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். "ரிப்பேருக்குன்னு அத நீங்க தந்துட்டுப் போனது காலையில. வாக்கு வாங்கினது, திரும்ப எடுக்க வந்த மத்தியானம். அதுக்குள்ள நான் ஒருக்கா கொப்பி எடுத்து, மூணு தடவ கேட்டும் முடிச்சிட்டேன்."